மலாவியில் மூன்று வருடம், இருவராக: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நானும் என் கணவரும் ஆப்பிரிக்காவிலுள்ள மலாவியில் தன்னார்வலர்களாக இருந்துவிட்டுத் திரும்பியதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். அந்தப் பக்கத்தைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 2022 தொடக்கத்திலிருந்து மூன்று வருடம், தெற்கு மலாவியில், சோம்பா நகரத்திலிருந்து மினிபஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். இவர் மருத்துவ உபகரணங்களைப் பழுதுபார்க்கும் இன்ஜினியர், அங்கே ஓர் அரசு மருத்துவமனையின் ஒர்க்‌ஷாப்பில் வேலை. நான் கணக்கு டீச்சர், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களோடு வேலை செய்தேன். இரண்டு பேருக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது. கேள்வி கேட்ட பலர் பெயர் வேண்டாம் என்றதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: சம்பளம் இல்லாமல் மூன்று வருடம் எப்படிச் சமாளித்தீர்கள்? எங்களிடம் ஓர் ஏஜென்சி, வெளிநாட்டில் சேவை செய்ய நாங்கள்தான் பணம் கட்ட வேண்டும் என்கிறது. இது சரியா? (திருமணமாகி இரண்டு வருடம் ஆன ஒரு வாசகி)

சம்பளம் கிடையாது, ஆனால் கையை விட்டுச் செலவு செய்யும் நிலையும் இல்லை. ஒரு வருடம் இரண்டு வருடம் என்று ஆள் அனுப்பும் அமைப்புகள் பொதுவாக விமான டிக்கெட், தங்க ஒரு வீடு, மருத்துவக் காப்பீடு, மாதம் கைச்செலவுக்கு ஒரு படி, இவ்வளவும் தந்துவிடும். ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டம் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது, 1970-ல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கியது, தலைமையகம் ஜெர்மனியில் பான் நகரத்தில் இருக்கிறது. அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் 1961-ல் ஆரம்பித்தது, பயிற்சியோடு சேர்த்து 27 மாதம், ஆனால் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. (வாலண்டரி சர்வீஸ் ஓவர்சீஸ்) அமைப்பை 1958-ல் ஆரம்பித்ததே ஒரு தம்பதிதான், அலெக் டிக்சன், மோரா டிக்சன். முதலில் பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளை அனுப்பினார்கள், பின்னாளில் தொழில் தெரிந்தவர்களை அனுப்பும் அமைப்பாக அது மாறியது. அந்த மாற்றத்தையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம். போகிற ஊருக்கு வேண்டியது நம் கையில் இருக்கும் தொழில், நம் ஆர்வம் அப்புறம்தான்.

பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் அனுப்பும் ஏஜென்சிகள் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு கேள்வி கேளுங்கள். நீங்கள் கட்டும் பணத்தில் எவ்வளவு அந்த ஊருக்குப் போகிறது? உங்களை வரச் சொன்னது யார், அந்த ஊர்ப் பள்ளியா, மருத்துவமனையா, இல்லை ஏஜென்சியேவா? இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் பணத்தைக் கட்டாதீர்கள். அப்புறம், சுற்றுலா விசாவில் போய் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சம்பளம் வாங்காவிட்டாலும் பல நாடுகளில் அது வேலைதான், அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

ஒன்றை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. எங்கள் படி உள்ளூர்ப் பணமான க்வாச்சாவில் வந்தது. 2022 மே மாதம் அதன் மதிப்பை 25 சதவீதம் குறைத்தார்கள், 2023 நவம்பரில் ஒரே நாளில் 44 சதவீதம். எங்களுக்காவது திரும்பிப்போக ஓர் இடம் இருந்தது. அதே க்வாச்சாவில் சம்பளம் வாங்கிப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டிய சக ஆசிரியைகள் அந்த வாரம் எப்படி வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை.

கேள்வி: எனக்கு 62, என் மனைவிக்கு 60. இந்த வயதில் போகலாமா?

தாராளமாக. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டரின் அம்மா லில்லியன் கார்ட்டர் ஒரு நர்ஸ். பீஸ் கோரில் சேர்ந்து 1966-ல் இந்தியாவுக்கு வந்தபோது அவருக்கு வயது 68. மும்பையை அடுத்த விக்ரோலியில் வேலை செய்தார். மலாவியில் தலை நரைத்தவர் சொல்வதைக் கேட்பார்கள், எங்களுக்கே கொஞ்சம் நரை இருந்தது நன்மையாகத்தான் முடிந்தது. ஆனால் பல், கண், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன்னால் பார்த்து முடித்துவிடுங்கள். நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரை அங்கே கிடைக்கும் என்று நம்பி மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: மூன்று வருடம் இருபத்து நாலு மணி நேரமும் ஒன்றாக இருந்திருக்கிறீர்கள். சண்டை வரவில்லையா? மறைக்காமல் எழுதுங்கள். (நான்கு பேர் வெவ்வேறு வார்த்தைகளில் கேட்டது)

வந்தது. முதல் ஆறு மாதம் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே மோசமான ஆறு மாதம். மறைக்க எதுவும் இல்லை, ஏனென்றால் தம்பதியாகப் போக நினைக்கும் யாரிடமும் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

எங்களை அனுப்பிய அமைப்பு தேர்ந்தெடுத்தது இவரை. நான் கூடப் போகிறவள். தாளில் என் பெயருக்குப் பக்கத்தில் "உடன் வருபவர்" என்றுதான் இருந்தது. "போனதும் உங்களுக்கும் ஏதாவது பள்ளிக்கூடத்தில் ஏற்பாடு செய்துவிடலாம்" என்றார்கள், நானும் நம்பினேன். இருபத்தாறு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள், ஏதாவது இல்லாமலா போகும் என்று நினைத்தேன். இல்லாமல்தான் போனது. அனுமதிக் கடிதம் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. காலை ஏழு மணிக்கு இவர் கிளம்பிவிடுவார். வீட்டில் நான், ஒரு வாளித் தண்ணீர், மின்சாரம் எப்போது வரும் என்ற கேள்வி. மாலையில் இவர் களைத்து, ஆனால் முகம் மலர்ந்து வருவார், இன்று எந்த மெஷின் ஓடியது, யார் என்ன சொன்னார் என்று ஆரம்பிப்பார். எனக்கு அந்த மலர்ச்சியைப் பார்க்கவே கோபம் வரும். இவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று தெரிந்தும் வரும்.

நம் இடத்தில் நமக்கு ஒரு வருத்தம் என்றால் அதைப் பத்துப் பேரிடம் பிரித்துக் கொட்டுகிறோம். கொஞ்சம் அக்காவிடம், கொஞ்சம் கூட வேலை செய்பவரிடம், கொஞ்சம் பக்கத்து வீட்டில். அங்கே நம் பாஷை தெரிந்தது ஒரே ஓர் ஆள். பத்துப் பேருக்குப் போக வேண்டியது முழுவதும் அந்த ஒருவர் தலையில் விழுகிறது. அவருக்கும் அதே கதைதான், அவர் சுமையும் நம் தலையில். இதை முன்கூட்டியே யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

இதைச் சரிசெய்ய உதவியவர் ஒரு பெரியவர். தெற்கு மலாவியில் பெரும்பாலும் தாய்வழிச் சமூகம், பிள்ளைகள் அம்மாவின் வம்சத்தைச் சேர்ந்தவர்கள், கல்யாணமான ஆண் மனைவியின் ஊருக்குப் போய் வாழ்வதுதான் பழைய வழக்கம். கணவன், மனைவி ஒவ்வொருவர் பக்கத்திலும் "ங்கோஸ்வே" என்று ஒருவர் உண்டு, பெரும்பாலும் தாய்மாமன். கல்யாணத்தைப் பேசி முடிப்பவர் அவர், பின்னால் பிணக்கு வந்தாலும் இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்பவர் அவர். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் ங்கோஸ்வே யார்?" என்று கேட்டார். அப்படி யாரும் இங்கே எங்களுக்கு இல்லை என்றேன். அவருக்கு அது தாங்கவில்லை. கல்யாணமானவர்களை இப்படித் தனியாக யார் அனுப்பினார்கள் என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், எழுபது வயது இருக்கும், ஓய்வுபெற்ற தபால்காரர். எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, முதலில் என்னைப் பேசச் சொன்னார். நான் பேசி முடிக்கும்வரை இவர் வாயைத் திறக்கக்கூடாது. அப்புறம் இவர், அப்போது நான் வாயைத் திறக்கக்கூடாது. தாய்மாமன் என்ற உறவின் அருமை தெரிந்த பாஷைக்காரி நான், எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அவர் சொன்ன தீர்வு ரொம்ப சாதாரணம். இவளுக்கு வேலை கிடைக்கும்வரை நீ வீட்டில் வேலையைப் பற்றிப் பேசாதே என்று இவரிடம் சொன்னார். என்னிடம், கடிதத்துக்குக் காத்திருக்காதே, நாளை காலை என் தங்கை பேத்தி படிக்கும் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வா, எதுவும் கேட்காதே, வணக்கம் மட்டும் சொல், என்றார். போனேன். ஒரு வாரம் வணக்கம் மட்டும் சொன்னேன். இரண்டாவது வாரம் அவரே, பின்னத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று எங்கள் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேச முடியுமா என்று கேட்டார். அனுமதிக் கடிதம் அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்து சேர்ந்தது.

அங்கே 1994-ல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கினார்கள். சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே வருடத்தில் ஏறக்குறைய 30 லட்சம் ஆனது. வகுப்பறையும் ஆசிரியரும் அந்த வேகத்தில் வரவில்லை, அந்த நெரிசல் இன்றைக்கும் தீரவில்லை. நான் போன பள்ளியில் முதல் வகுப்பில் நூற்றுப் பதினேழு பிள்ளைகள், ஒரு டீச்சர், மாமர நிழல்தான் பாதி வகுப்பறை. அத்தனை பேரை ஓர் அதட்டல் இல்லாமல் பாட்டுப் பாடியே உட்காரவைக்கத் தெரிந்த அந்தப் பெண்ணிடம் நான் கற்றதுதான் அதிகம். பாட்டில் மூடிகளைச் சேர்த்து எண்ணல், பின்னம், பெருக்கல் எல்லாம் செய்தோம். இரண்டாவது வருடம் அப்படியே தலைகீழ். என் வேலை ஜோராக ஓடியது, இவருக்கு உதிரிபாகம் வராமல் நான்கு மாதம் சும்மா உட்கார வேண்டி வந்தது. அப்போது வேலைப் பேச்சை வீட்டில் நிறுத்தியது நான்.

ஆகவே தம்பதியாகப் போகிறவர்களே, ஒருவருக்கு வேலை, மற்றவர் துணை என்று கிளம்பாதீர்கள். பீஸ் கோரில் கணவன் மனைவி இருவருமே தனித்தனியாகத் தகுதி பெற வேண்டும், இருவருக்குமே வேலை தரப்படும். எங்களுக்கு அது அப்போது ஒரு சட்டதிட்டமாகத்தான் தெரிந்தது. அதிலுள்ள நியாயம் ஆறு மாதம் சும்மா இருந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இருவர் வேலையும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: உங்கள் கணவர் அங்கே என்ன செய்தார் என்று சென்ற முறை எழுதவே இல்லையே? (ஒரு பாலிடெக்னிக் மாணவர்)

பெரும்பாலும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர். சுற்றியிருக்கும் காற்றை இழுத்து, அதிலுள்ள நைட்ரஜனை ஜியோலைட் என்ற குருணை பிடித்துக்கொள்ள, மிச்சம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனாக வெளியே விடும் மெஷின். நிமோனியா வந்த குழந்தைக்கு அது ஓடுகிறதா இல்லையா என்பது உயிர் விஷயம். சிலிண்டர் ஏற்றி வர லாரியும் டீசலும் வேண்டும், இதற்கு மின்சாரம் போதும். இவர் போனபோது ஒர்க்‌ஷாப் மூலையில் பதினொன்று அடுக்கிக் கிடந்தன, எல்லாம் எங்கிருந்தோ நன்கொடையாக வந்தவை. பெரிய கோளாறு எதுவும் பலவற்றில் இல்லை. ஃபில்டரில் புழுதி அடைத்து, உள்ளே சூடேறி நின்றவை சில. மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் போர்டு போனவை சில. மழைக்காலத்தில் மூடாமல் கிடந்து ஈரம் ஏறினால் ஜியோலைட் கெட்டுவிடும், மெஷின் ஓடும், சத்தம் வரும், வெளியே வருவது வெறும் காற்றுதான். இதுதான் ரொம்ப ஆபத்து, ஏனென்றால் நர்ஸ் பார்வைக்கு அது வேலை செய்கிறது. அதனால் ஆக்சிஜன் அளவு பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்றை வைத்து வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் சோதிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள்.

கொண்டுவந்தார்கள் என்று பன்மையில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வாராவாரம் அந்த அளவை எழுதிவைக்கும் நோட்டை ஆரம்பித்தது அங்கிருந்த இளம் டெக்னீஷியன். எந்த வார்டில் எந்த பிளக் பாயிண்டில் வோல்டேஜ் ஏறும் என்று அவருக்குத்தான் தெரியும். பதினொன்றில் ஏழு ஓடின. நான்கைப் பிரித்து உதிரிபாகம் எடுத்துக்கொண்டார்கள். பாலிடெக்னிக் படிக்கும் தம்பிக்குச் சொல்கிறேன், புதிதாகக் கண்டுபிடிப்பவர்களைவிட ஃபில்டரை நேரத்துக்குக் கழுவுகிறவர்களுக்குத்தான் அங்கே பஞ்சம்.

கேள்வி: கோடை விடுமுறையில் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வெளிநாட்டில் ஓர் அநாதை இல்லத்தில் இரண்டு வாரம் சேவை செய்ய நினைக்கிறோம். எந்த நாடு நல்லது?

எந்த நாட்டிலும் வேண்டாம். உங்கள் மனது நல்ல மனது, அதனால்தான் நேராகச் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால் விட்டவர்கள், படிப்பு கிடைக்கும் என்று நம்பி விட்டவர்கள். கம்போடியாவிலும் நேபாளத்திலும், வெளிநாட்டுப் பயணிகள் வந்து பணம் தருகிறார்கள் என்பதற்காகவே இல்லங்கள் பெருகின, ஊர் ஊராகப் போய்ப் பெற்றோரிடம் பேசிக் குழந்தைகளைக் கூட்டிவந்தார்கள். அநாதை இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவம் என்று ஆஸ்திரேலியா 2018-ல் ஏற்றுக்கொண்டது. 2019-ல் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானமும் இந்த மாதிரித் தன்னார்வச் சுற்றுலாவின் தீங்கைக் குறிப்பிட்டது.

இதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அந்தக் குழந்தையின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒருவர் வருகிறார், மடியில் வைத்துக்கொள்கிறார், இரண்டு வாரத்தில் போய்விடுகிறார். அடுத்து இன்னொருவர். வருடத்துக்கு இருபது முறை ஒரு குழந்தை விட்டுப் பிரிய வேண்டுமா? அந்தப் பயணச் செலவை, குழந்தையைக் குடும்பத்தோடு சேர்த்து வைக்க வேலை செய்யும் ஓர் அமைப்புக்கு அனுப்புங்கள். உங்கள் பிள்ளைகளோடு அந்த நாட்டைப் பார்க்கப் பயணியாகப் போங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

கேள்வி: மலேரியா, காலரா என்று கேள்விப்படுகிறோம், புயல் வேறு. பயமாக இல்லையா?

பயம் இருந்தது. மருந்து தெளித்த கொசுவலைக்குள்தான் தூக்கம், மலேரியா வராமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. எந்த மாத்திரை யாருக்கு ஒத்துவரும் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அப்படியும் இவருக்கு ஒருமுறை வந்தது. காய்ச்சல் என்றால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை, நாளை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, அந்த நோய் இருக்கும் நாட்டின் வழியாக வந்தால் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், 2016-லிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகும், அதனால் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓடாதீர்கள்.

ஏரியில் குளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலாவி ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் கரையோரம் நத்தை இருக்கும் இடங்களில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி தோல் வழியாக உடம்புக்குள் போகும். நாங்கள் இறங்கினோம். சில வாரம் கழித்துப் பரிசோதித்து, பிராசிக்வாண்டெல் மாத்திரை சாப்பிட்டு முடித்தோம்.

புயலைப் பற்றி எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய காலரா அடங்கவே இல்லை, அந்த நாட்டின் வரலாற்றிலேயே மோசமானது, 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் வந்தது. ஐந்து வாரத்துக்கு மேல் கடலிலும் கரையிலுமாகச் சுற்றிய புயல், உலகிலேயே இவ்வளவு நாள் நீடித்ததாகப் பதிவான புயல் வேறு இல்லை. ப்ளாண்டையர் நகரத்தின் மலைச்சரிவுகளில் இரவோடு இரவாக வீடுகள் மண்ணுக்குள் போயின. மலாவியில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள், காணாமல் போனவர்கள் தனி. எங்கள் பள்ளி முகாம் ஆனது. நான் பின்னம் சொல்லிக்கொடுத்த கரும்பலகையில் எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் என்று எழுதிவைத்திருந்தார்கள். அந்த நாட்களில் நாங்கள் முன்னால் நின்று எதையும் நடத்தவில்லை. ஊர்ப் பெண்கள் சொன்னதைச் செய்தோம், தண்ணீர் காய்ச்சினோம், பாய் எடுத்துக்கொடுத்தோம், பெயர் எழுதினோம்.

கேள்வி: பாஷை எப்படிக் கற்றீர்கள்? உங்களை எப்படி நடத்தினார்கள்?

சிச்சேவா கேட்க இனிமையான பாஷை, மெய்யெழுத்தில் முடியும் சொல்லே அரிது. காலை வணக்கமே "எப்படி விழித்தீர்கள்?" என்ற கேள்விதான், "ம்வாட்சூகா ப்வாஞ்சி?" "நன்றாக விழித்தேன், நீங்கள்?" என்று திருப்பிக் கேட்காமல் நேராக விஷயத்துக்குப் போனால் அது மரியாதைக் குறைவு. தெரியாத பெண்மணியையும் மரியாதையாக அழைக்கும் சொல் "அமாயி", அம்மா என்று பொருள். முதல்நாள் சந்தையில் ஒருவர் என்னை அப்படி அழைத்தபோது யாரோ நம்மவர் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அந்த ஒரு சொல் எனக்குப் பல நாள் ஆறுதலாக இருந்தது.

வெள்ளைக்காரர்கள் அசுங்கு, இந்திய வம்சாவளியினர் அம்வென்யே. பல தலைமுறையாக அங்கே கடை வைத்திருக்கும் இந்தியக் குடும்பங்கள் இருப்பதால், எங்களைப் பார்த்ததும் எந்தக் கடை என்றுதான் கேட்பார்கள். கடை இல்லை, பள்ளிக்கூடத்தில் வேலை என்றால் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். பணம் கேட்பார்களா என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்பார்கள். நாங்கள் தெருவில் யாருக்கும் கையில் கொடுக்கவில்லை, ஆனால் துக்க வீட்டுக்கு எல்லோரும் கொடுப்பது போலக் கொடுத்தோம், எல்லோரோடும் தரையில் உட்கார்ந்தோம்.

கேள்வி: ஊர் சுற்றினீர்களா? ஒரே ஒரு பயணம் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

இலாலா கப்பல். யோசிக்கவே வேண்டாம். மலாவி ஏரி ஏறக்குறைய 580 கிலோமீட்டர் நீளம், அதில் 1951-ல் ஓடத் தொடங்கிய கப்பல் இது. ஸ்காட்லாந்தில் செய்து, துண்டு துண்டாகக் கொண்டுவந்து ஏரிக்கரையில் பூட்டினார்கள். 1873-ல் ஸ்காட்லாந்துப் பயண ஆய்வாளர் டேவிட் லிவிங்ஸ்டன் இறந்த பகுதியின் பெயரை வைத்தார்கள். தெற்கே மங்கி பேயில் ஏறினோம். கீழ்த்தளம் முழுக்க மக்காச்சோள மூட்டை, கோழிக்கூடை, மெத்தை, காய்ந்த உசிப்பா மீன் வாசம். நாங்கள் மேல்தளத்தில் பாயை விரித்துவிட்டோம். இரவில் ஏரி நடுவில் மீனவர்களின் விளக்குகள் ஒரு ஊர் போலத் தெரியும், கப்பல் நெருங்கும்போது அந்த ஊர் ஒதுங்கி வழிவிடும்.

லிக்கோமா தீவில் நாங்கள் போனபோது கப்பல் கரையை ஒட்டவில்லை. சின்னப் படகுகள் வந்தன, குழந்தையையும் கட்டிலையும் அரிசி மூட்டையையும் கைக்குக் கை மாற்றி இறக்கினார்கள், ஒரு பாட்டியை இரண்டு பேர் தூக்கிப் படகில் உட்காரவைத்ததை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தத் தீவைச் சுற்றியிருப்பது மொசாம்பிக்கின் தண்ணீர், தீவு மட்டும் மலாவியுடையது. ஆங்கிலிக்கன் மிஷனரிகள் அங்கே தலைமையிடம் வைத்திருந்ததன் விளைவு அது. 1903-ல் கட்டத் தொடங்கிய அவர்களுடைய பெரிய கல் தேவாலயம் பாவோபாப் மரங்களுக்கு நடுவில் இன்னும் நிற்கிறது.

முலாஞ்சே மலையும் ஏறினோம். அதன் உச்சி சபிட்வா, 3,002 மீட்டர், போகக்கூடாத இடம் என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். நாங்கள் உச்சிக்குப் போகவில்லை. மேகம் இறங்கிவிட்டது, வழிகாட்டி வேண்டாம் என்றார், அவர் பேச்சைக் கேட்டுத் திரும்பினோம்.

கேள்வி: திரும்பி வந்தபின் எப்படி இருக்கிறது? மறுபடியும் போவீர்களா?

வந்த முதல் மாதம் எனக்குக் குழாயைத் திறக்கவே தயக்கமாக இருந்தது, தண்ணீர் அப்படியே கொட்டுகிறதே என்று. யாரும் வணக்கம் சொல்லி முடிக்காமல் பேச்சை ஆரம்பிப்பது மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. எல்லோரும் "எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள், இரண்டு நிமிடம் கேட்பார்கள், அவ்வளவுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மிச்சத்தைக் கேட்க எனக்கு இவரும் இவருக்கு நானும் இருக்கிறோம். தம்பதியாகப் போனதன் பெரிய வரம் இந்த மூன்று வருடத்துக்கு அப்புறம்தான் தெரிகிறது.

டெக்னீஷியன் தம்பி மாதம் ஒருமுறை அந்த நோட்டின் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறார். கடைசியாக அனுப்பியதில் ஏழு மெஷினுக்கும் அளவு எழுதியிருந்தது, எட்டாவதாக ஒரு வரிசை, எடுத்துவைத்த உதிரிபாகங்களிலிருந்து அவரே சேர்த்துக் கட்டியது.

மறுபடியும் போகிற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. இம்முறை என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், வேறொரு நாட்டில், ஆசிரியர் பயிற்சிக்கு. "நீ போ, நான் துணைக்கு வருகிறேன்" என்றார் இவர். வேண்டாம் என்றேன். அந்த ஊரில் இவருக்கும் ஓர் ஒர்க்‌ஷாப் வேண்டும், அது எழுத்தில் வர வேண்டும் என்று கடிதம் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.